செவ்வாய் ஹெலிகாப்டரும் அதன் கரண்ட் கணக்கும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நாசா செவ்வாய்க்கு அனுப்பிய குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ட்ரோன் பேட்டரிதான் என் பிழைப்பு, அதனால் எதைக் கேட்டாலும் பதில் சுற்றிச் சுற்றி பவர் பக்கம் வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திக்: செவ்வாயில்தான் காற்றே இல்லையே அண்ணா, அப்புறம் எப்படிப் பறந்தது?

காற்று இருக்கிறது, ஆனால் பூமியின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்குதான். அந்த அடர்த்தி இங்கே வேண்டுமென்றால் 30 கிலோமீட்டருக்கு மேலே போக வேண்டும். நம் ஹெலிகாப்டர்கள் எட்டிய சாதனை உயரமே 13 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான் என்பது கொஞ்சம் கைகொடுத்தது. மிச்சத்தை 1.8 கிலோ எடையும் 1.2 மீட்டர் நீள ரோட்டர்கள் (தூக்கிப் பிடிக்கும் சுழல் விசிறிகள்) இரண்டும் சமாளித்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில், நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் சுற்றின.

இன்னும் வேகமாகச் சுற்றினால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். 2,537 சுற்றில் பிளேடு நுனியின் வேகத்தைப் போட்டுப் பாருங்கள், விநாடிக்கு 160 மீட்டர் வரும். செவ்வாயில் ஒலியின் வேகமே 240 மீட்டர் அளவுதான். நுனி அதை நெருங்க நெருங்க இழுவை எகிறும், பிளேடு அதிர ஆரம்பிக்கும். 2021 செப்டம்பரில் பருவம் மாறிக் காற்று இன்னும் மெலிந்தபோது வேறு வழியில்லாமல் 2,800 வரை சுற்றிப் பார்த்தார்கள்.

ரேவதி: இவ்வளவு செலவு செய்து அனுப்பிவிட்டு ஏன் 3 நிமிடம்கூடப் பறக்கவிடவில்லை? பெரிய பேட்டரி வைத்திருக்கலாமே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. உள்ளே இருந்தது 18650 என்ற அளவில் ஆறு லித்தியம் அயன் பேட்டரி செல்கள், சோனி தயாரிப்பு. பவர் டூல்களில் போடுகிற ரகம்தான். ஆறும் சேர்ந்து 270 கிராம் சொச்சம், கொள்ளளவு 35 முதல் 40 வாட்-ஹவர். பறக்கும்போது 350 வாட் அளவுக்கு இழுக்கும். இரண்டு நிமிடம் பறந்தால் 12 வாட்-ஹவர் போச்சு. மிச்சம்தான் நிறைய இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அது பறப்பதற்கான பணம் இல்லை, வாடகைப் பணம். அது இறங்கிய ஜெஸெரோ பள்ளத்தில் இரவு மைனஸ் 90 டிகிரிக்குப் போகும். செல்லும் எலக்ட்ரானிக்ஸும் உறையாமல் இருக்க ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓட வேண்டும், பேட்டரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும்.

செல்லைக் கூட்டினால் எடை கூடும், எடை கூடினால் ரோட்டர் இன்னும் இழுக்கும், அதற்கு இன்னும் செல் வேண்டும். ட்ரோன் கட்டியவர்களுக்கு இந்தச் சுழல் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது: அங்கே மோட்டாரைக் குளிர்விக்கக் காற்று போதாது, பறக்கிற ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு டிகிரி அளவில் சூடு ஏறும். பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மோட்டார் சூடே இறக்கிவிடும்.

சுந்தர்: இடையில் ஒரு தடவை தொடர்பு அறுந்ததாமே, என்ன ஆச்சு சார்?

2022 மே. குளிர்காலம் நெருங்குகிறது, காற்றில் தூசி, மேலே இருந்த சின்ன சோலார் பேனலுக்கு வெளிச்சம் பற்றவில்லை. ராத்திரி பேட்டரி வடிந்து, மின்சாரம் நின்று, கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. காலையில் வெயில் பட்டு எழுந்த ஹெலிகாப்டர் தன் கணக்குப்படி, தன்னைச் சுமந்து வந்த பெர்சிவியரன்ஸ் ரோவரை (தரையில் ஓடும் வண்டி) கூப்பிடுகிறது, ரோவரோ வேறு நேரத்தில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் வேறு வேறு நேரம் காட்டிய கதை. அப்புறம் ரோவரைக் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கக் காத்துக் கேட்கச் சொன்னார்கள், செவ்வாய் நேரப்படி காலை 11.45க்குக் குரல் வந்தது.

அதற்குப் பிறகு எடுத்த முடிவுதான் துணிச்சல். மைனஸ் 15 டிகிரியிலேயே ஹீட்டர் போடுவதை விட்டுவிட்டு மைனஸ் 40 வரை காத்திருக்கச் சொன்னார்கள். ராத்திரி அணைந்தால் அணையட்டும், சார்ஜ் மிஞ்சட்டும் என்று. விலையும் கொடுக்க வேண்டி வந்தது: கிளம்பும் முன் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் சாய்வு சென்சார் போய்விட்டது. இருந்த இன்னொரு சென்சாரை வைத்தே அதைக் கணக்கிடும்படி மென்பொருளை மாற்றி அனுப்பினார்கள், திரும்பவும் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய சாமான் 72 முறை பறந்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: உள்ளே செல்போன் சிப் என்கிறார்களே, கதையா நிஜமா?

நிஜம். ஸ்னாப்டிராகன் 801 என்ற செல்போன் சிப், மேலே லினக்ஸ் இயங்குதளம். பூமியிலிருந்து சிக்னல் போக 5 முதல் 20 நிமிடம் ஆகும், ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுகிற வேலையே இல்லை. கீழே பார்க்கிற கேமரா எடுக்கும் படங்களைப் பார்த்து, எவ்வளவு நகர்ந்தோம் என்று அதுவே அப்போதைக்கப்போது கணக்குப் போட வேண்டும். கதிர்வீச்சைத் தாங்குகிற பழைய விண்வெளி சிப்களுக்கு அந்த வேகம் வராது.

ஃபாத்திமா: அப்படியானால் எப்படி உடைந்தது?

அந்தக் கேமராவால்தான், ஒரு வகையில். 2024 ஜனவரி 18, 72வது பறப்பு. கீழே வெறும் மணல் மேடு, கல்லும் இல்லை பாறையும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு அடையாளம் கிடையாது. எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் போகிறோம் என்ற கணக்கு தப்பி, சரிவில் இடித்து இறங்கியது. இறங்கிய வேகத்தில் உடல் சட்டென்று சாய்ந்தது, பிளேடுகள் அந்த இழுப்பைத் தாங்காமல் நுனிப் பக்கம் ஒடிந்தன. பிளேடு தரையில் பட்டு உடைந்தது என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள், விசாரணை வேறு மாதிரி சொன்னது.

இளங்கோ: இதில் நம்மவர்கள் பங்கு ஏதாவது உண்டா?

தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1990களிலேயே இந்த யோசனையைக் கொடுத்தார், பணம் கிடைக்காமல் 15 வருடம் அலமாரியில் கிடந்தது.

ஹரிணி: ரோவரில் அணு பேட்டரி இருக்கிறதே, அதையே ஹெலிகாப்டரிலும் வைத்தால் இரவுப் பிரச்சினையே இல்லையே?

பெர்சிவியரன்ஸ் ரோவரின் அந்த அணு பேட்டரியை ஆர்.டி.ஜி. என்பார்கள், அதன் எடை மட்டும் 45 கிலோ. 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு சிதைந்து 2,000 வாட் வெப்பம் தருகிறது, அதிலிருந்து மின்சாரமாகத் தேறுவது 110 வாட். 350 வாட் கேட்கிற ஹெலிகாப்டருக்கு எங்கே போவது?

ஆனால் நீங்கள் கேட்டதையே ஒரு திட்டம் செய்யப்போகிறது. சனியின் நிலவான டைட்டனுக்கு 2028இல் கிளம்பி 2034இல் போய்ச் சேர வேண்டிய டிராகன்ஃபிளை. எட்டு ரோட்டர், சின்னக் கார் அளவு, சின்ன ட்ரோன் என்று சொல்ல வாய் வராது. டைட்டனில் காற்று பூமியைவிட நாலு மடங்கு அடர்த்தி, ஈர்ப்பு விசை ஏழில் ஒரு பங்கு, அதனால் இவ்வளவு கனத்தையும் தூக்கலாம். அதே ரக ஆர்.டி.ஜி. நேராக ரோட்டரைச் சுற்றாது. நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஒரு பெரிய பேட்டரியை நிரப்பும், அரை மணி நேரப் பறப்பில் அதைச் செலவு செய்வார்கள். மின்சாரமாகாமல் போகிற வெப்பமும் வீணில்லை, மைனஸ் 179 டிகிரியில் உள்ளே கணகணவென்று வைத்திருப்பது அதுதான். செவ்வாயில் பேட்டரியைத் தின்ற செலவு இங்கே ஓசி.

இதில் இன்னொரு வேடிக்கை. டைட்டனில் ஒரு இரவு என்பது நமக்கு 8 நாள். ஆர்.டி.ஜி.க்குச் சூரியன் தேவையில்லை, பிறகு ஏன் இரவில் பறக்கமாட்டார்கள்? சனி இருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் பூமி எப்போதும் சூரியனை ஒட்டியே தெரியும். சூரியன் மறைந்தால் பூமியும் மறைந்துவிடும், பேச முடியாது. அதனால் அந்த 8 நாளும் சார்ஜ் ஏற்றுவதும் நில அதிர்வு கேட்பதும்தான் வேலை.

முருகேசன்: சந்திரயானில் ஏன் ட்ரோன் வைக்கவில்லை? இரவில் செத்துப்போகாமல் இருக்க வழி இல்லையா?

நிலவில் ரோட்டருக்குப் பிடிக்கக் காற்று கிடையாது, அங்கே பறக்க ராக்கெட்தான். இரவு விஷயத்துக்கு வருவோம். சந்திரயான்-3இன் ரோவர் பிரக்யான் 26 கிலோ, சோலார் பேனல் 50 வாட். 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கி, செப்டம்பர் முதல் வாரத்தில் தூங்க வைத்து, 22இல் எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. 14 நாள் இரவுக்கு சோலாரும் பேட்டரியும் மட்டும் போதாது, கதிரியக்க ஹீட்டர் போன்ற ஏதாவது வேண்டும். இஸ்ரோ இன்னொரு பக்கமும் போகிறது: 2024 ஜனவரி 1இல் பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட்டில் ஒரு எரிபொருள் மின்கலத்தை ஏற்றி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்டு சுற்றுப்பாதையில் 180 வாட் எடுத்துக் காட்டினார்கள். துணைப் பொருளாகத் தண்ணீர் வரும் என்பதால் மனிதர் போகிற கலத்துக்கு இது ரொம்பப் பொருத்தம்.

பிரவீன், இறுதியாண்டு: அண்ணா, இதையொட்டி புராஜெக்ட் பண்ணணும். கையில் பெரிதாகக் காசு இல்லை.

தம்பி, வீட்டு ஃப்ரீசர் போதும். நல்ல 18650 செல் ஒன்றை ஹோல்டரில் போடு, 2 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாகக் கொடு. ரெசிஸ்டர் ஃப்ரீசருக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் அதுவே ஹீட்டர் ஆகிவிடும். வோல்டேஜைச் செல்லின் முனையிலேயே அள, இல்லாவிட்டால் வயரின் இழப்பும் சேர்ந்து வரும். முதலில் அறை வெப்பத்தில், அப்புறம் செல் மைனஸ் 18க்கு இறங்கிய பிறகு, லோடு கொடுத்தவுடன் எவ்வளவு விழுகிறது என்று வரைபடம் போடு; இரண்டு கோடும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தாலே ஹீட்டர் ஏன் என்று புரியும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதே. முக்கியமாக, குளிரில் இருக்கும்போது சார்ஜ் போடவே போடாதே: பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் ஆனோடில் (செல்லின் உள்ளே இருக்கும் எதிர்மின்வாய்) லித்தியம் உலோகமாகப் படிந்து பிறகு உள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியே எடுத்து, மேலே படிந்த ஈரத்தைத் துடைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜர் பக்கம் போ.