தேதித் தாளில் நாலு முத்திரை

(நாவல்கள் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தில் 26 வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: இத்தனை வருடம் புத்தகங்களுக்கு நடுவிலேயே இருந்திருக்கிறீர்கள். சமீபத்தில் படித்ததில் உங்களுக்குப் பிடித்த நாவல் எது?
- ஒரு வாசகர், திருப்பூர்

புத்தகங்களுக்கு நடுவில் இருந்தேன், சரி. படித்தேன் என்று எப்போது சொன்னேன்? காலையில் வந்ததும் தினசரிகளைப் பிரித்துப் போட வேண்டும். அப்புறம் பதிவேட்டில் எண் ஏற்றுவது, கறையான் வந்திருக்கிறதா என்று அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது, மாதக் கடைசியில் கணக்கு எழுதுவது. அல்வாக் கடையில் வேலை பார்க்கிறவர் வீட்டுக்குப் போய் அல்வா தின்ன மாட்டார் இல்லையா, அந்த மாதிரிதான். ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அதனால் 'சமீபத்தில்' என்றால் நான் சமீபத்தில் படித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதி ஐம்பது வருடம் ஆகியிருக்கலாம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்தேன். நான் வேலை பார்த்த நூலகத்துப் பிரதியையே எடுத்து வந்தேன். பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தேதித் தாளில் நாலே நாலு முத்திரை. நாலும் என் கையால் குத்தியது. நாலு தடவை அந்தப் புத்தகம் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது, ஒரு தடவைகூட உள்ளே என்ன இருக்கிறது என்று நான் புரட்டவில்லை.

கதை சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த காலத்தில் நடக்கிறது. ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா. சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி ஜமுனாவை அலைக்கழிக்கும் பாஸ்கர் ராவ். ஜமுனா உயிரை விடும் நிலைமை வரைக்கும் போகிறாள். வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்தில் நாலு பக்கம் புலம்பல் வந்திருக்கும். இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்களைத் தெருவுக்கு அனுப்புகிறார். எந்த வீட்டில் பம்பு அடித்தால் வருகிறது, எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எத்தனை நடை நடக்க வேண்டும் என்று அதையே எழுதிக்கொண்டு போகிறார். படிக்கிற நமக்கு மூச்சு வாங்குகிறது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்த காலத்தில் எங்கள் தெருவில் குடத்துக்குப் பதிலாகச் செங்கல்லை வரிசையில் வைத்துவிட்டுப் போவோம். யார் கல் எது என்பது எல்லோருக்கும் தெரியும். என் கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். அடிபம்பில் தண்ணீர் நிற்கப் போகிறது என்றால் முதலில் சத்தம் மாறும், தொண்டை வறண்டவர் எச்சில் விழுங்குவது மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையில் கடைசியில் நிற்கிறவள் முகத்தைப் பார்க்கவே கூடாது. நாவலைப் படிக்கும்போது நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

டீச்சரம்மா தன் கல்யாணக் கதையை ஜமுனாவிடம் சொல்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அது ஆறுதல் பேச்சே இல்லை. 'உனக்கு மட்டுமா' என்று அதட்டுவது மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு ஜமுனா எழுந்து நிற்கிறாள். ஒரே ஒரு குறை. சாயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். புருஷன் ராணுவத்தில் இருக்கிறான், பிள்ளை வேறு வீட்டில் வளர்கிறது. அந்தப் பெண்ணின் கோபத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டாரோ என்று தோன்றியது.

கேள்வி: 'செல்லாத பணம்' வாங்கிக் கொடுத்தேன். பாதியில் மூடிவிட்டு 'இது அழுகாச்சி நாவல்' என்று சொல்லிவிட்டார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அக்கா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் கால்வாசி நியாயம் இருக்கிறது, தங்கச்சி. இமையத்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை வாங்கிக் கொடுத்த நாவல். இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பில் தீப்பட்டு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் வெளியே காத்திருக்கிறார்கள். கதை முக்கால்வாசி பேச்சிலேயே போகிறது. சொன்னதையே சொல்லி அழுகிறார்கள். ஐம்பது பக்கம் குறைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப் போயிருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் என் அண்ணனுக்காக ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எல்லோரும் சொன்னதையேதான் சொல்வார்கள். 'சாயங்காலம் ஆறு மணிக்கு நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தார்' என்ற ஒரே வாக்கியத்தை மதினி வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். நர்ஸ் கதவைத் திறந்து 'அட்டெண்டர் யாரு?' என்று கேட்டதும் பத்துப் பேர் எழுந்திருப்போம். ஒருவரைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுப்பார். மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்துவிடுவோம். சீட்டு கிடைத்தவர் மருந்துக் கடைக்கு ஓடுவார். ஓடுவதற்கு ஒரு வேலை கிடைத்ததே என்று அவரைப் பார்த்து எங்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த வெளித் தாழ்வாரத்தை இமையம் சரியாகப் பிடித்திருக்கிறார். கையில் பணம் இருக்கிறது, வாங்குவதற்குத்தான் ஒன்றுமில்லை. அதனால் ஐம்பது பக்கம் பற்றிய என் புகாரை முழுசாகத் திரும்பப் பெறவில்லை, பாதி திரும்பப் பெறுகிறேன். உங்கள் கணவரை வற்புறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் உட்காராதவராகவே அவர் இருக்கட்டும்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று 'புயலிலே ஒரு தோணி' வாங்கினேன். அறுபது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. குறை என்னிடமா, புத்தகத்திடமா?
- ஒரு வாசகர், கரூர்

அதில் குறை என்ன அண்ணாச்சி, ஆரம்பம் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலம், ஜப்பான்காரன் இந்தோனேசியாவின் மெடான் நகரத்துக்குள் நுழைகிறான், தெருப் பெயரெல்லாம் டச்சில் இருக்கிறது, நடுவே மலாய் வார்த்தைகள். வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேறு ஓர் உலகம். ப. சிங்காரம் யாருக்காகவும் நின்று விளக்க மாட்டார். நானும் இரண்டு தடவை தோற்றேன்.

மூன்றாவது தடவை ஒரு வழி கண்டுபிடித்தேன். புரியாத சொல் வந்தால் நிற்காமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் தெருவில் விற்றுக்கொண்டு போகிறவர் குரல் மாதிரி ஆகிவிடுகிறது அது. என்ன விற்கிறார் என்று தெரியாவிட்டாலும் ராகம் பிடிபட்டுவிடுகிறது. கதாநாயகன் பாண்டியன் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களுக்கு அப்படியே வந்து சேர்ந்துவிடுவீர்கள். கடலில் புயல் அடிக்கும் அத்தியாயத்தை ராத்திரி படிக்காதீர்கள், தூக்கம் போய்விடும். எனக்குப் போனது.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வந்து, மதுரையில் தினத்தந்தியில் இருந்தார். எழுதியது இரண்டே நாவல். இந்த நாவல் எழுதி முடித்துப் பல வருடம் கழித்து 1972இல்தான் புத்தகமாக வந்தது. பதிப்பாளர்களே அத்தனை காலம் யோசித்த புத்தகத்துக்கு நீங்கள் ஒரு மாதம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

கேள்வி: படிக்க முடியாமல் கைவிட்ட நாவல்?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. மூன்று தடவை ஏறப் பார்த்தேன், மூன்று தடவையும் கோபுர வாசலோடு திரும்பிவிட்டேன். மூட்டுவலி.

கேள்வி: 'மோகமுள்' எனக்கு உயிர். உங்களுக்கு?
- ஒரு வாசகர், கும்பகோணம்

கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. 22 வயதில் படித்தபோது எனக்கும் உயிர்தான். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு மனதில் வைத்துப் பூஜை பண்ணுவதை, அட, இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று வாய் பிளந்து படித்தேன். ஹாஸ்டலில் நாலு பேர் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்ததில் அட்டையே கழன்றுவிட்டது.

போன மாசம் திரும்ப எடுத்தேன். பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வருகிற பக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. சங்கீதத்தைத் தி. ஜானகிராமன் எழுதினால் எனக்குச் சுருதி தெரியாவிட்டாலும் காது நிமிர்கிறது. ஆனால் இந்தத் தடவை நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. கிழவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டுத் தங்கம்மா ஞாபகம் இருக்கிறதா? பாபுவிடம் வந்து நிற்கிறாள், கடைசியில் தண்ணீரில் விழுந்து சாகிறாள். 22 வயதில் அவளை யமுனாவுக்குக் குறுக்கே வந்தவள் என்று நினைத்து வேகமாகப் புரட்டிவிட்டேன். இப்போது அவளைத் தாண்டி நகர முடியவில்லை. கதை அவளைத் தாண்டிப் போய்விடுகிறது, பாபுவும் போய்விடுகிறான். எனக்குத்தான் கோபம். யமுனா வறுமையில் தேய்ந்துபோய் சென்னைக்கு வந்து நிற்கும் இடத்தில்கூட, 'இவளுக்கு முதலில் ஒரு வாய் சோறு போடுங்களேன்' என்றுதான் தோன்றியது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் நாவலே தொட மாட்டேன் என்கிறான். எதில் ஆரம்பிக்கலாம்?
- ஒரு வாசகி, சேலம்

'வெக்கை' கொடுத்துப் பாருங்கள். 'அசுரன் படத்தோட கதை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 'பாத்தாச்சே' என்பான். படத்தில் அப்பாவின் பழைய கதை பெரிதாக விரிகிறது. பூமணியின் புத்தகம் பையன் சிதம்பரத்தோடேயே நடக்கிறது. அவனுக்குப் பதினைந்து வயது, உங்கள் மகனைவிடச் சின்னவன். கொலை முதலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற நாட்கள். எங்கே படுத்தார்கள், எதைத் தின்றார்கள், எந்தச் செடிக்கு நடுவே புகுந்து போனார்கள் என்பதுதான் கதை. பூமணி எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கரிசல் மண் அவருக்குக் காலால் தெரியும். வட்டாரப் பேச்சு முதலில் இடறும். ஒரு நாள் பொறுத்தால் பழகிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கதை 'புத்தம் வீடு' பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. படிக்கவில்லையா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எடுத்தேன். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் எழுதியது. ஒல்லியான புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணப்பச்சி என்று லிஸி தாத்தாவைக் கூப்பிடும்போதே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. உங்கள் ஊர்ப் பேச்சைக் கொஞ்சமும் இஸ்திரி போடாமல் எழுதியிருக்கிறார்.

பிறகு லிஸி பெரியவளாகிறாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் நூலகத்துக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சனிக்கிழமைதோறும் வருவாள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலையில் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருப்பாள். பாவாடையில் புத்தகத்தைப் பொதிந்து வைத்திருப்பாள், வெயில் படக்கூடாதாம். ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் அவள் தம்பி வந்தான். புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தது, நடுப் பக்கத்தில் தாமதக் கட்டணச் சில்லறை ஒரு தாளில் மடித்து வைத்திருந்தது.

'அக்கா இனிமே வர மாட்டா' என்றான்.

நான் முத்திரை குத்தி ரசீது போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு வேறு புத்தகம் எதுவும் வேண்டுமா, நீ எடுத்துப் போகிறாயா என்று கேட்டிருக்கலாம். அவள் உறுப்பினர் அட்டை என் இழுப்பறையில்தான் இருந்தது. கேட்கவில்லை.

லிஸி இன்னும் மேசை மேல் கவிழ்ந்துதான் கிடக்கிறாள். இந்த வாரம் மறுபடி எடுக்கிறேன். மீதியை அடுத்த இதழில் எழுதுகிறேன்.