ராஜினாமா வேண்டாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலராக இருக்கிறேன். இருபது வருடமாக ஒரே கட்சி. கச்சத்தீவை மீட்கக் கோரி எங்கள் கட்சியின் பேரூர்க் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நான் எதிர்க்கவில்லை. ‘எல்லை தாண்டி இழுவைமடி போடுவதை நாமே நிறுத்தி, அந்தக் கரை இலங்கை மீனவர்களோடு பேசவும் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்’ என்றேன். (இழுவைமடி என்பது விசைப்படகு கடலடியை வாரி இழுக்கும் வலை.) துரோகி என்று கத்தினார்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கினார்கள். துணைச் செயலாளர் பொறுப்பும் போய்விட்டதாம். எழுத்தில் எதுவும் வரவில்லை. மானத்தோடு ராஜினாமா செய்துவிடவா? கவுன்சிலர் பதவி போய்விடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ராஜினாமா செய்யாதீர்கள். அந்த ஒரு தாளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அது கிடைத்துவிட்டால் உங்களை ஏன் ஒதுக்கினோம் என்று யாரும் எழுத்தில் சொல்ல வேண்டியதில்லை.

பதவி போகாது. கட்சித்தாவல் தடைச் சட்டம், 1985இல் வந்த பத்தாவது அட்டவணை, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்தான். கட்சி நீக்கினாலும் வார்டு உங்களுடையது. எம்.எல்.ஏ.க்கள் நிலைமை வேறு. கொறடா உத்தரவை மீறி, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவிக்கு ஆபத்து. உத்தரவை மீறாமலே, நடத்தையை வைத்து ‘தானாக விலகினார்’ என்றும் முடிவு செய்யலாம். 2017இல் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர், நம் மாவட்டத்துப் பரமக்குடி உறுப்பினர் உட்பட, அப்படித்தான் பதவி இழந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்தே வாக்களித்த 11 பேர் நீடித்தார்கள். முடிவு சபாநாயகர் கையில் இருக்கும்வரை இந்தச் சட்டம் ஆளுக்கொரு விதமாகத்தான் பாயும்.

இனி கட்சிக்குள். பொறுப்பிலிருந்து எடுப்பது வேறு, அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்குவது வேறு. வாட்ஸ்அப் குழு இரண்டிலும் சேராது. கட்சியின் விதிப் புத்தகத்தை எடுங்கள். தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும்போதே ஒவ்வொரு கட்சியும் விதிகளைக் கொடுத்திருக்கும். நீக்கும் அதிகாரம் யாருக்கு, முன்னதாக விளக்கம் கேட்க வேண்டுமா, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று பாருங்கள்.

பிறகு தலைமைக்கு ஒரே பக்கத்தில் கடிதம். நகல் மாவட்டச் செயலாளருக்கு. கூட்டம் நடந்த தேதி, தீர்மானம், நீங்கள் சேர்க்கச் சொன்ன வரி சொல் மாறாமல், கூட இருந்தவர்கள் பெயர். தீர்மானத்தை எதிர்க்கவில்லை என்பது முதல் வரியிலேயே வரட்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் பதில் போய்விட வேண்டும். பேரூர் செயலாளர் டெண்டரில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதக் கை துடிக்கும். எழுதினால் கருத்து வேறுபாடு கோஷ்டிச் சண்டையாகிவிடும். இருவரையும் ஒரே தட்டில் வைத்துத் தலைமை ஒதுங்கிக்கொள்ளும். நிருபரிடம் பேசுவது, குரல் பதிவு அனுப்புவது, ஆறுதல் சொல்ல வரும் மாற்றுக்கட்சிக்காரரோடு போட்டோ எடுப்பது, இவற்றில்தான் பலர் மாட்டுகிறார்கள். போட்டோ பரவிய மறுநாளே ‘கட்சிக் கட்டுப்பாட்டை மீறி, அவப்பெயர் உண்டாகும் வகையில்’ என்று அறிக்கை வந்துவிடும்.

உட்கட்சி நீக்கத்தில் தேர்தல் ஆணையம் தலையிடாது. விதி மீறி நீக்கினார்கள் என்று சிவில் நீதிமன்றம் போகலாம். தீர்ப்பு வருவதற்குள் அடுத்த தேர்தலே முடிந்துவிடும். அதனால் கடிதத்தையே நம்புங்கள்.

உங்கள் வரியில் துரோகம் எங்கே இருக்கிறது? இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நமது 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டமே விசைப்படகைக் கரையோரக் கடலில் மீன்பிடிக்க விடாது. நாட்டுப்படகுக்காரர் வலை அறுபடுவது அந்தக் கரையில் மட்டுமல்ல, இந்தக் கரையிலும்தான். உங்களைத் துரோகி என்றதை நம் நாட்டுப்படகுக் குடும்பங்கள் தங்களைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். வலை அறுந்த அன்று இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசக்கூடிய ஆள் கட்சிக்கு வேறு யார் இருக்கிறார்? உங்களை வெளியே தள்ளினால், விசைப்படகு முதலாளிகள் சொல்வது மட்டும்தான் கட்சியின் காதில் விழும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராவிட்டாலும் போங்கள், தனியாக அல்ல. வழிமொழிய நாட்டுப்படகு உறுப்பினர் ஒருவரையும் விசைப்படகு உறுப்பினர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வரி ஏறவில்லை என்றால் ‘திருத்தம் முன்மொழியப்பட்டது, ஏற்கப்படவில்லை’ என்றாவது எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.