லிங்க் வேண்டாம், கோப்பாக அனுப்புங்கள்

கேள்வி: அண்ணாச்சி, நாலு வருஷமாக முகநூலில் எங்கள் பக்கத்துக் கொடை விழா, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து பற்றி எழுதிவருகிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது. உங்கள் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டீர்கள், லிங்க் அனுப்பினேன். ‘லிங்க் வேண்டாம், யுனிகோடில் அடித்த கோப்பாக அனுப்புங்கள், படங்களை டாக்குமென்டாக அனுப்புங்கள்’ என்கிறீர்கள். உலகமே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கும்போது இந்தப் பிடிவாதம் எதற்கு? டெக்னாலஜி என்றால் உங்களுக்குப் பயமா?
— ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பயம் இல்லை தம்பி. இந்தப் பக்கத்தைக் கணினியில் தமிழ்99 விசைப்பலகையில்தான் அடிக்கிறேன். பேட்டிக்குப் போனால் போனில் பதிவு செய்துகொள்கிறேன். நேரம் இல்லாதபோது போனிடம் பேசி எழுத வைக்கிறேன். பிழை திருத்த வேண்டியிருந்தாலும் பாதி வேலை மிச்சமாகிறது. பழைய கோயில் நோட்டீஸைக் கேமராவில் காட்டினால் எழுத்தைத் தனியாகப் பிரித்துத் தருகிற வசதி வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு வேலையே குறைந்துவிட்டது. வாட்ஸ்அப் இல்லாமல் அரை நாள் கூட ஓட்ட முடியாது. அதனால் கேள்வியின் கடைசி வரியை விட்டுவிட்டு, அதற்கு முந்தின வரிக்கு வருகிறேன்.

உங்கள் பதிவுகளை விடாமல் படிக்கிறவன் நான். அதனால்தான் கட்டுரை கேட்டேன். கணியான் கூத்தில் அடிக்கிற தோல்கருவிகளான உச்ச மகுடத்துக்கும் மந்த மகுடத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கூத்தை முன்நின்று பாடி நடத்துகிற ஓர் அண்ணாவியிடமே கேட்டு எழுதியிருந்தீர்கள். அதைப் போன மாதம் மறுபடியும் படிக்கத் தேடினேன். உங்கள் பக்கத்தில் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். கல்யாண வாழ்த்து வந்தது, தேர்தல் சண்டை வந்தது, குற்றாலத்தில் குளித்த படங்கள் வந்தன, மகுடம் வரவில்லை. உங்களிடமே கேட்டேன். நீங்களும் தேடிவிட்டு, “ரெண்டு வருஷம் முன்னாடி போட்டது அண்ணாச்சி, எங்க கெடக்குன்னு தெரியல” என்றீர்கள். எழுதியவர் கைக்கே அகப்படாத எழுத்தை ‘முகநூலில் இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வது?

முகநூல் பேசுகிற இடம், நல்ல இடம். இன்றைக்குப் போட்டதை இன்றைக்கே நாலு பேர் கண்ணில் காட்டுவதற்காக அதைக் கட்டியிருக்கிறார்கள், அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. நாலு வருஷத்துக்கு முந்தினதை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை அது ஏற்கவில்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையது, என்னுடையது.

உங்கள் லைவ் வீடியோக்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பங்குனியிலும் சித்திரையிலும் ஆடியிலும் கொடைக்குக் கொடை போய் நின்று, சாமக் கொடை முடிகிற வரைக்கும் கை வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு லைவ் போடுகிறீர்கள். நன்றி சொல்ல வேண்டிய வேலை அது. ஆனால் 2025 பிப்ரவரி 19 முதல் முகநூலில் லைவ் வீடியோவுக்கு ஆயுள் 30 நாள்தான். அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் அழிந்துவிடும். அதற்கு முன்னால் போட்ட பழைய லைவ்களையும் கட்டம் கட்டமாக அழிப்பதாகவும், முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பி இறக்கிக்கொள்ள 90 நாள் தருவதாகவும் சொன்னார்கள். அந்த அறிவிப்பு உங்களுக்கு வந்ததா? வந்ததைப் பார்த்தீர்களா? மணியடித்தால் தள்ளிவிடுகிற நூறு அறிவிப்புகளோடு அதையும் தள்ளியிருந்தால், நீங்கள் பிடித்த முத்துப்பட்டன் கதை இப்போது எங்கே?

முத்துப்பட்டன் கதை என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலோடு ஒட்டிய கதை அது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூடுகிற கூட்டத்துக்கு அது தெரியும். ஆனால் ஒரு வில்லுப்பாட்டுக் குழு பாடுவதுபோல இன்னொரு குழு பாடாது. புலவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், பின்பாட்டு எதை வாங்கித் திருப்புகிறது, எந்த ஊரில் எந்தக் கட்டத்தை நீட்டுகிறார்கள், எதைச் சுருக்குகிறார்கள் என்பதெல்லாம் ராத்திரிக்கு ராத்திரி மாறும். அச்சில் ஒரு பாடம் வந்திருக்கலாம். நீங்கள் பிடித்தது வேறு பாடம். அந்தப் புலவருக்கு வயதாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த ராத்திரியை இனி யாரும் திரும்பப் பிடிக்க முடியாது. 

இணையத்தில் இப்படி ஓர் இடம் மூடுவது புதிதும் இல்லை. முகநூல் போலவே இருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. தமிழில் இணையத்துக்கு முதலில் வந்தவர்கள் இலக்கியச் சண்டையெல்லாம் போட்ட யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு முடிந்தன. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதில் போட்ட ஆட்டமும் பாட்டும் ஒரே ராத்திரியில் கண்ணுக்கு மறைந்தன. நல்லதா கெட்டதா என்ற வாதம் தனி. வைத்தவர்கள் திரும்ப எடுக்க முடிந்ததா என்பது மட்டும்தான் என் கேள்வி.

‘பத்திரிகைக்காரர், அதனால் தாள்தான் நிலைக்கும் என்கிறார்’ என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது கீழ்த்தட்டில் பைண்டு செய்து வைத்திருந்த எங்கள் பழைய இதழ்கள் ஊறிப்போயின. அவற்றின் கோப்புகள் வேறு ஊரில் ஒரு நண்பர் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருந்ததால் மறுபடி அச்சிட்டுக்கொண்டோம். தாளோ கணினியோ, ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் ஆபத்து ஒன்றுதான். பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது அங்கே கவிராயர் வீட்டில் ஏடு இருந்தது. வேறு ஊர்களில் கிடைத்த ஏடுகளோடு ஒப்பிட்டுத்தான் அவரால் பதிப்பிக்க முடிந்தது. பல வீடுகளில் பிரதி இருந்தது, அதனால் நமக்கு வந்தது.

இனி யுனிகோடு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு அது. அதைக் கேட்பது என் சொந்த விருப்பம் என்று நினைக்கிறீர்கள். யுனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஓர் அச்சகத்தில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாக நிற்கும். எங்கள் தொண்ணூறுகளின் கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அப்படித்தான் இருக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பே 2001இல் வந்தது. மாற்றிகளைப் போட்டு ஒவ்வொன்றாக மீட்டுவருகிறோம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றுகிற மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. யுனிகோடு பரவுவதற்கு முன்னால் டிஸ்கி என்ற குறியீட்டில் ஏற்றினார்கள், பிறகு யுனிகோடுக்கு மாற்றினார்கள். எளிய எழுத்துக் கோப்பாக வைத்திருந்ததால் மாற்ற முடிந்தது. இன்றைக்கும் எந்தப் போனிலும் திறந்து படிக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைச் செய்கிறீர்கள். கொடை அழைப்பு, அண்ணாவி மறைந்த செய்தி, அவரைப் பற்றிய நாலு பத்திக் குறிப்பு என எல்லாவற்றையும் வண்ணப் பின்னணியில் ஒரே படமாக்கிப் போடுகிறீர்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கண் தெரியாதவர் போனில் வாசித்துக் காட்டுகிற மென்பொருளை வைத்திருந்தால், அவருக்குப் பெரும்பாலும் ‘படம்’ என்ற ஒரு சொல்தான் கேட்கும். பெயரை அடித்துத் தேடுகிறவருக்கும் சிக்குவது கஷ்டம். போதாக்குறைக்கு அதில் ‘நாளை மாலை 6 மணி’ என்று இருக்கும், எந்த வருஷத்து நாளை என்று இருக்காது. படம் போடுங்கள், கூடவே அதே வாசகத்தை எழுத்தாகவும் தேதியோடு கீழே போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

படங்களை டாக்குமென்டாகக் கேட்பதும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும். எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களையும் கழற்றிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கேமராவில் இருந்தது இருந்தபடி வரும். அச்சுக்கு எங்களுக்கு அது வேண்டும். நீங்கள் அனுப்பியதில் அண்ணாவியின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.

வீட்டுக்குள்ளேயும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. அந்த டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அப்பா எடுத்த பழைய கொடைப் படங்கள் அவர் ஜிமெயில் கணக்கில்தான் இருக்கின்றன, அவர் போன பிறகு யாரும் திறக்கவில்லை என்று ஒரு பதிவில் எழுதியிருந்தீர்கள். கடவுச்சொல் தெரிந்த தங்கச்சியிடம் சொல்லி இந்த வாரமே திறக்கச் சொல்லுங்கள். படங்களை முதலில் இறக்குங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சரி, உங்கள் நாலு வருஷ எழுத்தை எப்படி வெளியே எடுப்பது? ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். முகநூல் அமைப்புகளில் உங்கள் தகவலை மொத்தமாகப் பதிவிறக்குகிற வசதி இருக்கிறது. அதில் பதிவுகள், நீங்கள் எழுதிய பின்னூட்டங்கள், படங்கள், வீடியோக்களைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் தரத்தை உயர்வாக வையுங்கள். கோப்பு வடிவம் கேட்கும்போது எச்.டி.எம்.எல். என்று கொடுங்கள். ஜேசன் என்ற வடிவத்தில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் குறியீடாகச் சிதறி வரும், நேராகப் படிக்க முடியாது. பலர் அதைப் பார்த்துவிட்டு எழுத்தெல்லாம் கெட்டுப்போனது என்று கோப்பையே அழித்துவிடுகிறார்கள். தயாராகி இணைப்பு வர நேரம் பிடிக்கலாம். வந்த இணைப்புக்கும் கெடு உண்டு, உடனே இறக்கிவிடுங்கள். ஒரு பிரதியை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வேறு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்கள் சொன்ன தகவல்கள் இருந்தால் உரையாடலை ஏற்றுமதி செய்கிற வசதியால் அதையும் எடுக்கலாம். சாதாரண எழுத்துக் கோப்பாகவே வரும்.

முகநூலை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே எழுதியதால்தானே உங்களுக்கு அந்தப் பின்னூட்டங்கள் வந்தன? சுடலைமாடன் கோயில் கொடை பற்றிய பதிவில் நீங்கள் எழுதியதைவிடக் கீழே வந்தது பெரிது. தாராவியில் இருக்கிற ஓர் ஆச்சி, தன் சின்ன வயதில் அந்தக் கோயிலில் எந்த ஊர்க் குழு மகுடம் அடித்தது, யார் பெண்வேஷம் கட்டினார்கள் என்று பேரன் கையால் எழுத வைத்திருந்தார். துபாயிலிருந்து ஒருவர், கொடை ஒரு வருஷம் நின்றுபோன காரணத்தைச் சொல்லியிருந்தார். இன்னொருவர் நீங்கள் எழுதிய வருஷம் தவறு என்று தன் வீட்டு நோட்டீஸைக் காட்டித் திருத்தினார். ஊரை விட்டுப் போனவர்களை ஒரே திண்ணையில் உட்கார்த்தி வைத்துப் பேச வைக்க எந்தப் பத்திரிகையாலும் முடியாது, எங்களாலும் முடியாது. அதனால் இது என் வேண்டுகோள்: கட்டுரையோடு அந்தப் பின்னூட்டங்களையும் சேர்த்து அனுப்புங்கள். கட்டுரையை அவற்றை வைத்துத் திருத்தி எழுதினால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். பொதுவில் எழுதியதுதானே என்று, பின்னூட்டத்தில் அவர்கள் சொன்னதை அவர்களிடம் சம்மதம் கேட்காமல் அச்சில் ஏற்ற மாட்டேன். தாராவி ஆச்சியின் பேரனுக்கு ஒரு செய்தி அனுப்பி, ஆச்சிக்குச் சம்மதமா, பெயர் போடலாமா, ஊர் போடலாமா என்று கேளுங்கள். துபாய்க்காரரிடமும் கேளுங்கள். கொடை நின்ற காரணத்தில் இப்போது உயிரோடு இருக்கிற குடும்பங்களின் பேச்சு வருகிறது. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மற்றதைப் போடுவோம். பதில் வரும்வரை உங்கள் கட்டுரைக்கான பக்கங்களை ஒதுக்கி வைக்கிறேன்.