அயர்லாந்தின் இளம் கால்பந்து வீரர் கீழ்நிலை லீக்கில் சிக்கினால் எதிர்காலம் அவ்வளவுதானா?

இல்லை. மாட் டோஹெர்ட்டியைப் பாருங்கள்.

டப்ளின் நகரின் பொஹீமியன்ஸ் கிளப்பில் இருந்த அந்தப் பையனை 2010-இல் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு 18 வயது. வுல்வ்ஸ் இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் இருந்ததால் முதல் அணியில் இடம் கிடைப்பது கடினம். அதனால் முதலில் ஸ்காட்லாந்தின் ஹிபர்னியன், பிறகு இங்கிலாந்தின் பரி என்று சின்னக் கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். ஆங்கிலத்தில் இதை 'லோன்' என்பார்கள்: ஒப்பந்தம் பெரிய கிளப்போடு, ஆட்டம் சின்ன கிளப்புக்கு. இருபது வயதில் வாராவாரம் களமிறங்குவதுதான் ஒரு தடுப்பாட்டக்காரரை உருவாக்கும். பெஞ்சில் உட்கார்ந்து யாரும் கற்றதில்லை.

இதற்குள் வுல்வ்ஸே 2012, 2013 என அடுத்தடுத்துச் சரிந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு வந்துவிட்டது. கிளப்புக்குப் பேரிடி. ஆனால் டோஹெர்ட்டி போன்ற இளைஞர்களுக்கு அங்கேதான் கதவு திறந்தது என்பேன். அந்த அணி 2013-14 பருவத்தில் 103 புள்ளிகளோடு பட்டம் வென்றது. 2018-இல் அவரும் கிளப்போடு சேர்ந்து பிரீமியர் லீக்குக்கு ஏறினார். 2020-இல் லண்டனின் பெரிய கிளப்பான டாட்டன்ஹாம் அவரை வாங்கியது.

இன்றைய பையன்களுக்கு ஒரு மாற்றம் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பின், 2021 முதல், 18 வயது நிரம்பாமல் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக் கிளப்புக்கு மாற முடியாது. அதுவரை உள்நாட்டு லீக்கான லீக் ஆஃப் அயர்லாந்தில் பெரியவர்களோடு மோதி விளையாடலாம். பதினைந்து வயதில் வீட்டைப் பிரிந்து தனியே தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.