சரக்கு டிரெய்லரைப் பயண வீடாக்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

சிறிய சரக்கு டிரெய்லரைப் படுத்துறங்கும் பயண வண்டியாக மாற்றுவது குறித்து வந்த கடிதங்களுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பயன்படுத்திய மூடிய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 6 அடி அகலம், 10 அடி நீளம், ஒற்றை அச்சு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1350 கிலோ, காலி எடை 520 கிலோ என்று தகட்டில் உள்ளது. கட்டில், சமையல் மேடை, அலமாரி எல்லாவற்றையும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் உறுதியாகச் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரம்பத்தை எடுப்பதற்கு முன் தாளும் பேனாவும் எடுத்து எடைக்கணக்கைப் போடுங்கள். உங்களுக்குக் கிடைப்பது 830 கிலோ. தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றே, மரத்தைப் பொறுத்து, 30 கிலோவைத் தாண்டிவிடும். பத்துப் பலகை என்றால் 300 கிலோ போய்விட்டது. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. இவற்றோடு மெத்தை, குளிர்பெட்டி, துணிமணி, பாத்திரங்கள், கருவிப்பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போனால், தகட்டில் உள்ள எல்லை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும். சாலையில் குலுங்கும் வண்டிக்கு உறுதியைத் தருவது பலகையின் கனத்தைவிட, அது சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் விதம்தான். ஆகவே அலமாரிகளுக்கு 9 மில்லிமீட்டரும் சுவர் உறைக்கு அதைவிட மெல்லியதும் போதும். 18 மில்லிமீட்டரை ஆள் ஏறி மிதிக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த எடை எல்லைக்குள் இருப்பது மட்டும் போதாது. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். அச்சுக்குப் பின்னால் கனம் கூடினால், காரோடு பிணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் எடை குறைந்து, வேகம் ஏறும்போது டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுக்கும் காரையே சாலையை விட்டு இழுத்துச் சென்றுவிடக்கூடும். நிறைந்த டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. ஐரோப்பிய வழக்கில் இந்த விகிதம் குறைவு. எந்த நாடானாலும் உங்கள் காரின் கையேடு அனுமதிக்கும் உச்ச அளவை மீறக் கூடாது. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் சமநிலை பெரிதாக மாறாது. வேலையின் நடுவில் ஒரு முறையும் முடிந்த பிறகு எல்லாச் சாமானோடும் ஒரு முறையும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைவாகவே சொல்லும் என்பது என் அனுபவம்.

கேள்வி: சுவர்களுக்குள் வெப்பத்தடுப்புப் பலகை பதித்த பிறகும், குளிர்ந்த இரவுகளில் உட்புறம் நீர்த்துளி கோக்கிறது. கூரை ஒழுகவில்லை என்று உறுதியாகத் தெரிகிறது. நீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: உங்களிடமிருந்துதான் வருகிறது. நான் முதலில் அமைத்த வண்டியிலும் இதுவே நடந்தது. ஒரு குளிர்காலக் காலையில் விழித்துப் பார்த்தபோது, சுவரில் எஃகுச் சட்டங்கள் ஓடும் இடங்களில் மட்டும், கோடு போட்டதுபோல, செங்குத்தாக நீர்முத்துகள் வரிசையாக நின்றன. ஆணித்தலை ஒவ்வொன்றிலும் ஒரு துளி. மெத்தையின் ஓரத்தைத் தூக்கினால் அடிப்பலகை ஈரத்தில் கறுத்து, புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அன்று வரை கூரையையே சந்தேகப்பட்டு, மேலே ஏறி ஏறிப் பசை பூசிக்கொண்டிருந்தேன்.

உறங்கும் இருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்கு நீராவியை வெளியிடுகிறார்கள். சரக்குக்கு மூச்சில்லை என்பதால், இந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. உள்ளே வெப்பம் 20 டிகிரி செல்சியசும் ஈரப்பதம் 60 விழுக்காடும் இருந்தால், 12 டிகிரியோ அதற்குக் கீழோ உள்ள எந்தப் பரப்பின் மீதும் நீர் கோக்கத் தொடங்கும். நீங்கள் சட்டங்களுக்கு இடையில் நுரையாலான தடுப்புப் பலகை பதித்திருப்பீர்கள். சட்டங்கள் அப்படியே விடப்பட்டிருக்கும். எஃகு அந்த நுரைப்பலகையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், வெளிக்குளிர் முழுவதும் அந்தச் சட்டங்களின் வழியே உள்ளே வந்து நிற்கிறது.

எனவே சட்டங்களையும் சேர்த்து மூடும்படி ஒரு மெல்லிய நுரைப்பலகை அடுக்கைக் குறுக்காக ஒட்டி, இணைப்புகள் மீது அலுமினியத்தாள் டேப் ஒட்டுங்கள். வெளித்தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்று நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. ஈரக்காற்று அங்கே போய், கண்ணில் படாமல் நீராகித் தங்கிவிடும். கண்ணாடிப் பஞ்சை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன்; நனைந்தால் அது உலர வழியில்லை. கட்டிலுக்கு முழுப்பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட பட்டிகளைப் போடுங்கள். இவை அத்தனையும் செய்தாலும் காற்றோட்டம் இல்லாவிட்டால் பயனில்லை: கீழே ஒரு காற்று நுழைவழியும் கூரையில் ஒரு விசிறியும் வைத்து, குளிர் எவ்வளவு இருந்தாலும் இரண்டையும் இரவு முழுவதும் சிறிதளவு திறந்தே வையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடுவதுதான் இந்த வேலையில் நான் மிகுதியாகக் காணும் தவறு.

கேள்வி: கூரையை வெட்டி விசிறி வைக்கக் கை நடுங்குகிறது. ஒழுகாமல் செய்வது எப்படி?

பதில்: நடுங்குவது இயல்பே. வழக்கமான கூரை விசிறிக்கு 14 அங்குலச் சதுரத் திறப்பு வேண்டும். கூரையின் குறுக்குச் சட்டங்கள் எஃகாக இருந்தால், அலுமினியத் தகட்டின் மேல் ஒரு சிறு காந்தத்தை மெல்ல நகர்த்தினாலே அது சட்டம் உள்ள இடத்தில் பற்றிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். இரு சட்டங்களுக்கு நடுவில் இடத்தைக் குறியுங்கள், சட்டத்தை வெட்டாதீர்கள். நான்கு மூலையிலும் முதலில் துளையிட்டு, பிறகு துளைக்குத் துளை ரம்பத்தை ஓட்டி, வெட்டிய விளிம்பை அரம் கொண்டு மழுக்குங்கள். உட்புறம் திறப்பைச் சுற்றி மரச்சட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். மெல்லிய தகட்டை மட்டும் நம்பித் திருகு ஏற்றினால் பிடிமானம் இருக்காது. விசிறியின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுப்பட்டை) சுற்றிலும் இட்டு, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, மறுநாள் மீண்டும் ஒரு சுற்று முறுக்குங்கள். பிதுங்கி வருவதைச் சீவிவிட்டு, கூரைக்கென்றே விற்கும் பூச்சை மேலே இடுங்கள். சிலிக்கோன் பசை வேண்டாம், அது ஒரு நாள் பிரிந்துவிட்டால், அந்த இடத்தில் பிறகு எதுவுமே ஒட்டாது.

கேள்வி: கட்டிலைக் குறுக்கே போட்டால் இடம் மிச்சமாகுமா?

பதில்: ஆகும், உங்கள் உயரம் இடம் கொடுத்தால். ஆறடிப் பெட்டிக்குள் சுவர் உறையும் தடுப்பும் போக மிஞ்சுவது ஐந்தரை அடியை ஒட்டியே இருக்கும். தரையில் டேப்பால் கோடு போட்டுப் படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: 12 வோல்ட் குளிர்பெட்டி, விசிறி, நான்கு விளக்கு, இரண்டு கைபேசி ஆகியவற்றுக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதுமா?

பதில்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியானால் அதில் ஏறத்தாழ 1280 வாட்-மணி இருக்கும். நீங்கள் சொன்ன கருவிகள் வெப்பமான ஒரு நாளில் 800 வாட்-மணி வரை கேட்கக்கூடும். ஆக ஒரு நாளைக்குப் போதும், இரண்டாம் நாளுக்குப் பற்றாது. நல்ல வெயிலில் 200 வாட் சோலார் பேனல் ஒரு நாளில் ஏறக்குறைய 600 வாட்-மணி தரும். இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், குளிர்ப்பகுதிக்குச் செல்வோர் அதை உட்புறத்திலேயே வைக்க வேண்டும்.

வயரின் பருமனில் சிக்கனம் பார்க்காதீர்கள். 5 மீட்டர் தொலைவில் உள்ள கருவி 10 ஆம்பியர் இழுத்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போய்வரும் வழியிலேயே சுமார் 0.7 வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரி நிறைந்திருக்கும்போதே குளிர்பெட்டி நின்றுபோவதற்குப் பல நேரம் இதுவே காரணம். 6 சதுர மில்லிமீட்டராக்கினால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். முதன்மை ஃபியூஸை பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குக் காவலே இல்லை.

கேள்வி: மழை நேரத்தில் கேஸ் அடுப்பை உள்ளேயே வைத்துச் சமைத்துவிட்டு, குளிருக்கும் அதையே எரியவிடலாமா?

பதில்: குளிர்காய அடுப்பை எரிப்பது கூடவே கூடாது. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவரும் என்பது சிறிய கேடு. மூடிய பெட்டியில் ஆக்சிஜன் குறைந்து, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு சேர்வதுதான் உயிரைப் பறிப்பது. வெப்பமூட்டி வேண்டுமானால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியே விடும் வகையை மட்டும் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைத் தலைமாட்டின் உயரத்திலும், சமையல் வாயுக்கானதைத் தரையை ஒட்டியும் வையுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும்.

கூடவே ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: உங்கள் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா? சரக்கு டிரெய்லரின் கதவுத் தாழ்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து மட்டும் இயங்குபவை. விளையாட்டாக யாரேனும் அதைத் தள்ளிவிட்டால்கூட நீங்கள் உள்ளே அடைபட்டுவிடுவீர்கள். உள்ளிருந்து திறக்கும் தாழொன்றை மாட்டுங்கள். அடுப்பு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஒரு சன்னலும் வையுங்கள். இரண்டும் முடிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்து, கைத்தடவலிலேயே தாழைக் கண்டுபிடித்துத் திறந்து வெளியே வர முடிகிறதா என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.