சிப் இருந்தால் போலி ஒழியுமா?

கேள்வி: கைரேகையும் முகமும் பதிந்த அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் வந்தால் மோசடி ஒழிந்துவிடும் என்கிறார்கள். தப்பு செய்யாதவர் கைரேகை கொடுக்க ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: ஒரு வகை மோசடி நிச்சயம் ஒழியும். பாஸ்போர்ட்டில் படத்தைப் பிரித்துவிட்டு வேறு படம் ஒட்டும் வேலை இனி நடக்காது. படப் பக்கத்தின் அடியில் எழுத்தும் எண்ணுமாக இரண்டு வரி இருக்குமே, குடியேற்ற அதிகாரியின் கருவி முதலில் படிப்பது அதைத்தான். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் சேர்ந்து ஒரு சாவியாகும். அது பொருந்தினால்தான் பாஸ்போர்ட்டுக்குள் பதித்த, விவரங்களைச் சேமிக்கும் சிப் திறக்கும். உள்ளே இருக்கும் முகப்படத்துக்கு, வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பம் காவல். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கருவி கண்டுபிடித்துவிடும். 1998-இல் மலேசியா தொடங்கிவைத்த சிப் பாஸ்போர்ட் இத்தனை தூரம் வளர்ந்திருக்கிறது. நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் சிப் சொல்வதெல்லாம் 'இது அரசு கொடுத்தது' என்பது மட்டுமே. பொய்ச் சான்றிதழ் காட்டி வாங்கிய பாஸ்போர்ட்டிலும் அதே கையொப்பம் இருக்கும். 2018-இல் ஜெர்மனியில் சில செயற்பாட்டாளர்கள் இரண்டு பேர் முகத்தை ஒன்றாகக் கலந்த படத்தைக் கொடுத்து, அசல் பாஸ்போர்ட்டே வாங்கிக் காட்டினார்கள். விண்ணப்பம் வாங்கும் மேசையில்தான் ஓட்டை இருக்கிறது. அங்கே கவனம் இல்லாமல் எல்லையில் எத்தனை கருவி வைத்து என்ன?

அப்புறம், அந்தப் பயம். 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் கைரேகை திருடு போனது தெரியவந்தது. அவர்கள் குற்றவாளிகள் இல்லை. அரசு வேலைக்கான பின்னணிச் சோதனைக்காக விரலை நீட்டியவர்கள். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எங்கே போய் மாற்றுவது? ஆகவே, தப்பு செய்யாதவருக்கும் பயப்படக் காரணம் இருக்கிறது.

கைரேகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அட்டையின் சிப்பில், உரியவரின் சட்டைப்பையில் இருக்கட்டும். கோடிப் பேர் ரேகையை ஒரே கிடங்கில் குவித்தால் திருடனுக்கு ஒரு பூட்டை உடைத்தால் போதும். பாஸ்போர்ட் கைரேகைகளுக்கு நாடு தழுவிய தரவுத்தளம் கூடாது என்று ஜெர்மனி சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. பிரிட்டன் 2006-இல் தேசிய அடையாளப் பதிவேட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 2010-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, சேர்த்த விவரங்களையும் அடுத்த ஆண்டு அழித்தது. விரலை வைக்கச் சொல்பவரிடம் 'இதை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்?' என்று நீங்களும் கேளுங்கள். பதில் வந்த பிறகு விரலை நீட்டலாம்.