நவீன கால ஸ்கர்மிஷ் மினியேச்சர் விளையாட்டுக்கு எந்த ரூல்ஸ் புத்தகம் எடுக்கலாம்?

உங்களிடம் 1/72 அளவுப் பிளாஸ்டிக் வீரர்கள் ஆளுக்குப் பன்னிரண்டு பேர், ஒரு சாப்பாட்டு மேசை, விளையாட அண்ணனும் தம்பியும், இவ்வளவுதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கர்மிஷ் என்றால் ஒரு சில வீரர்களின் சிறு மோதலைப் பொம்மைகளை வைத்து மேசையில் விளையாடுவதுதான். தொடங்க அது தாராளம். திருகோணமலையில், உப்புவெளி வீட்டு விறாந்தையில் நானும் அக்காவின் மகனும் நாலு வருசமாக இதையே விளையாடுகிறோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ரூல்ஸை எடுத்தோம். நான் என் ஆட்களை எல்லாம் நகர்த்தி முடிக்க வேண்டும், பிறகுதான் அவனுடைய முறை. என் ஆறு பேரும் வெட்டவெளித் தெருவைக் கடந்து அவனுடைய வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். அவன் கேட்டான்: “மாமா, என்ர ஆள் ஜன்னலுக்கால பாத்துக்கொண்டு நிக்கிறான். ஏன் சுடேல்ல?” உன் முறை வரும்போது சுடலாம் என்றேன். “அதுக்குள்ள நீங்கள் உள்ளுக்கு வந்திடுவீங்களே!” பதினாலு வயதுப் பொடியன் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்கு அளவுகோல் ஆகிவிட்டது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு அதில் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

நவீன காலம் என்றால் இது ஏன் முக்கியம் என்று மேசையை அளந்தாலே விளங்கும். நாலடி மேசை 122 சென்ரிமீற்றர். 1/72 கணக்கில் அது ஏறத்தாழ 88 மீற்றர். இன்றைய துவக்கு 300 மீற்றர் தூரம் சும்மா எட்டும். ஆகவே மேசையின் எந்த மூலையில் நின்றாலும் குறிக்குள்தான். “ரைபிள் 24 அங்குலம் மட்டும்” என்று ஒரு ரூல்ஸ் சொன்னால், அந்த அளவில் அது 44 மீற்றர், இரண்டு கிரிக்கெட் பிட்சைவிடக் கொஞ்சம் கூட. அப்படி விளையாடினால் ஆட்கள் மறைவு தேட மாட்டார்கள், எட்டத்தில் நின்றாலே போதும் என்று ஆகிவிடும். தூரம் காப்பாற்றாத இடத்தில் மதிலும் வீடும்தான் காப்பாற்ற வேண்டும். மேசையை நெருக்கமாகக் கட்டுங்கள். நாங்கள் மீன்பெட்டி ரிஜிபோமில்தான் வீடு வெட்டுகிறோம். தரைக்குக் கடற்கரை மணல் ஒட்டுவதென்றால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவுங்கள், இல்லாவிட்டால் உப்புப் பூத்துவிடும். வீரர்களின் அடியில் இரும்பு வொஷர் ஒட்டாமல் விட்டால், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் விறாந்தையில் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

அந்தப் பொடியனின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ‘போர்ஸ் ஒன் போர்ஸ்’. அம்புஷ் அலி கேம்ஸ் ஆக்களின் ரூல்ஸ், 2011இல் ஒஸ்பிரே பதிப்பாக வந்தது. ஒரு பக்கம் நகர, மற்றப் பக்கம் அந்த இடத்திலேயே எதிர்வினை செய்யலாம். யார் முந்துவது என்பதை டைஸ் சொல்லும். வீரர்களின் தரம் டைஸிலேயே இருக்கிறது: பயிற்சி இல்லாதவருக்கு 6 முகம், பயிற்சி பெற்றவருக்கு 8, அனுபவசாலிக்கு 10, சிறப்புப் படைக்கு 12. எல்லாருக்கும் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. கணக்குப் போட்டால் 50, 62.5, 70, 75 சதவீதம். பட்டியல்களைப் புரட்டாமலே அனுபவத்தின் பெறுமதி கைக்குள் வந்துவிடுகிறது. 8, 10, 12 முக டைஸ் எங்கள் ஊர்க் கடைகளில் நான் கண்டதில்லை. போனில் உருட்டுகிற செயலி போதும்.

அதில் எனக்குப் பிடித்த இன்னொன்று காயம். அடிபட்டவரைத் தூக்கிப் பெட்டிக்குள் போடுவதில்லை. முதலுதவிச் சோதனை செய்து பார்க்க வேண்டும், சாதாரண காயமா, கடுங்காயமா என்று. காயக்காரனை வைத்திருக்கிற குழு வேகமாக ஓட முடியாது. ஆளை விட்டுவிட்டுப் போவதா, கூட இருப்பதா என்று மருமகன் ஐந்து நிமிடம் யோசித்த நாளை மறக்க மாட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கேட்டா: “இவ்வளவு வீடு கட்டி வச்சிருக்கிறியள். உதுக்குள்ள ஆக்கள் இல்லையோ?” இந்த மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த மனுசி கேட்கிற கேள்வி அது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் பொதுமக்கள் இல்லாத ஆட்டம் கிடையாது. எங்கள் சொந்த யுத்தத்தை நாங்கள் மேசையில் வைப்பதும் இல்லை. கற்பனை நாடு, கற்பனை ஊர். போர்ஸ் ஒன் போர்ஸில் காயப்பட்டவரைப் போலவே பொதுமக்களையும் ஒரு குழு பொறுப்பெடுத்துக் கூட்டிப் போகலாம். அவர்களைப் பத்திரமாக வெளியேற்றுவதுதான் எங்கள் ஆட்டங்களில் பாதிக்கு மேல் இலக்கு. நீங்களும் ஒருதரம் அப்படி விளையாடிப் பாருங்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: ‘ஸ்கர்மிஷ் சாங்கின்’ ஆப்கானிஸ்தானை வைத்து எழுதப்பட்டது. சதவீத டைஸ் (1 முதல் 100 வரை உருட்டுவது), ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு. பொறுமை வேண்டும். ஒஸ்பிரேயின் ‘பிளாக் ஒப்ஸ்’ 2015இல் வந்தது, காவலாளிக்குத் தெரியாமல் உள்ளே நுழைகிற ஆட்டத்துக்கு நல்லது. நேரடி மோதலுக்கு நான் அதை எடுப்பதில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் முதல் மாதத்துக்கு என் தெரிவு ஜோன் லாம்ப்ஸ்ஹெட்டின் ‘வன் அவர் ஸ்கர்மிஷ் வோர்கேம்ஸ்’. டைஸே தேவையில்லை, சீட்டுக்கட்டு போதும். ஜோக்கர் விழுந்தால் சுற்று முடிந்தது, அது எப்போது விழும் என்று தெரியாததால் ஒருவரும் சோம்பி இருக்க முடியாது. பன்னிரண்டு பேரும் அதற்குச் சரியான அளவு. வீட்டில் 304 விளையாடுகிற கட்டு இருந்தால் 2 முதல் 6 வரை ஒதுக்கி வைத்த சீட்டுகளையும் ஜோக்கர்களையும் தேடிச் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். நாலைந்து ஆட்டம் முடிந்த பிறகு, ஜன்னலில் நிற்கிற ஆளைப் பற்றி உங்கள் தம்பி கேள்வி கேட்கத் தொடங்கினால் போர்ஸ் ஒன் போர்ஸுக்கு மாறுங்கள்.